ஓரகத்தி ஒட்டிய பிளாஸ்திரி

"நெருப்பு எரியுறது என் வாய்க்குள்ள. உனக்கு எங்கம்மா சுடுது?"

நூகாலம்மா இப்படிச் சீறியதும் பெரிய ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். போன வாரம் ஆடின பல்லைப் பிடுங்க வந்தவள் அவள். டாக்டர் பல்லைப் பிடுங்கியதோடு விடாமல் மேலண்ணத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். இன்றைக்கு முடிவு வந்திருந்தது. அதைச் சொல்லப்போக இந்தச் சண்டை.

டாக்டர் சின்னப் பெண். கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குச் சுடலம்மா. உங்களுக்கும் சுடாமப் போச்சே, அதான் என் கவலை. கொதிக்கக் கொதிக்க அம்பலிக் கூழ் குடிச்சாலும் ஒண்ணும் தெரியலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அது என் வாயோட பலம்."

"பலம் இல்ல. நீங்களே பாருங்க."

ஒரு குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக நூகாலம்மா தன் மேலண்ணத்தைப் பார்த்தாள். மழைக்கு ஊறிய சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று தடித்து, வெடித்துக் கிடந்தது. நடுநடுவே அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

"இன்னும் புத்துநோய் ஆகல. ஆனா அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிக்குது. மூணு மாசம் ஒரு தடவைகூட வாயில சுருட்டு நெருப்பு வைக்காம இருங்க. இது இறங்குதான்னு பாக்கலாம். வச்சுக்கிட்டே இருந்தா ஒரு நாள் வெட்டி எடுக்க வேண்டி வரும். அண்ணத்துல ஓட்டை விழுந்துரும்."

ஓட்டை என்றால் என்னவென்று நூகாலம்மாவுக்குத் தெரியும். பக்கத்துக் குப்பத்தில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். பேசினால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கும். தண்ணீர் குடித்தால் பாதி மூக்கு வழியாக வரும். பாவம், பொல்லாத வாய்க்காரியாக இருந்தவள், இப்போது சைகையில்தான் திட்டுகிறாள்.

நூகாலம்மாவுக்கு வாய்தான் பிழைப்பு. கடற்கரையில் ஏலக் கல்மேல் ஏறி நின்று மீனுக்கு விலை கூறுகிறவள் அவள். காலை நாலரை மணிக்கு முதல் படகு கரை தொட்டதிலிருந்து பத்து மணிவரை, அலைச் சத்தத்துக்கு மேலே, ஐஸ் வண்டிச் சத்தத்துக்கு மேலே, நாற்பது வியாபாரிகளின் கூச்சலுக்கு மேலே அவள் குரல் நிற்க வேண்டும். அவள் குரல் இறங்கினால் விலை இறங்கும். மூக்கால் பேசுகிறவளிடம் எவன் ஏலம் கேட்பான்?

அந்தக் கரையில் பெண்கள் சுருட்டை அட்டபொகையாகத்தான் பிடிப்பார்கள். எரிகிற முனையை வாய்க்குள் வைத்து உதட்டை மூடிக்கொள்வது. கடல் காற்றுக்கு நெருப்பு அணையாது. சாம்பல் மீன்மேல் விழாது. இரண்டு கையும் கூடை தூக்கக் காலியாக இருக்கும். ஆண்கள் வெளியே புகை விட்டு ஊருக்குக் காட்டுவார்கள். பெண்கள் நெருப்பையே விழுங்கிவிட்டு வேலை பார்ப்பார்கள். நூகாலம்மா கல்யாணமான வருஷம் பழகினாள். அதைப் புகை பிடிப்பது என்று அங்கே யாரும் சொல்வதுகூட இல்லை.

வீட்டுக்கு வந்தவள் நேராகக் கடலுக்குப் போய் இடுப்பில் இருந்த சுருட்டைக் கடலில் எறிந்தாள். எறிந்த கையோடு திரும்பி வந்து, ஒரு மணி நேரத்தில் கவரம்மாவின் வாசலில் நின்று, ஒன்று வாங்கி வாயில் வைத்தாள். கவரம்மா அவளுக்கு முப்பது வருஷத் தோழி. மெத்தென்ற மனசுக்காரி.

"டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க. அவங்களுக்கு அதுக்குத்தானே சம்பளம்? பாவம், முகமே வாடிப்போச்சு உனக்கு. ஒண்ணே ஒண்ணு வை. நாளையில இருந்து விடலாம்" என்று தானே தீக்குச்சி கிழித்துக் கொடுத்தாள்.

நாளை என்பதுதான் கவரம்மாவிடம் எப்போதும் கையிருப்பு.

மகன் எல்லாஜி குஜராத்தில் வேராவலில் படகுக்குப் போயிருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டு அழுதான். பிறகு புகையை விட உதவுகிற ஒரு இலவச நம்பரைக் கண்டுபிடித்துச் சொன்னான். நம் பாஷையிலேயே பேசுவார்கள் அம்மா, வெட்கப்படாதே என்றான்.

"எனக்கு என்னடா வெட்கம்? நான் என்ன எவன் கூடவாவது ஓடிப்போனேனா?" என்று போனை வைத்துவிட்டு அந்த நம்பரை அடித்தாள்.

ஒரு பெண் எடுத்தாள். குரல் தேன் மாதிரி. "ஒரு நாளைக்கு எத்தனைம்மா பிடிப்பீங்க?"

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ஒண்ணரை."

"அட, ஒண்ணுதானா! அப்போ உங்களுக்கு ரொம்ப லேசும்மா. மருந்துகூட வேண்டாம். ஒரு நாள் குறிச்சுக்கோங்க. அன்னிக்கு நிறுத்திடுங்க. ஆசை வந்தா தண்ணி குடிங்க, கிராம்பு மெல்லுங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அஞ்சு நிமிஷத்துல போயிடும்."

அம்மனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமையை நூகாலம்மா குறித்தாள். அன்று காலை எட்டு மணிக்குள் ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டாள். கிராம்பு மென்று மென்று நாக்கு மரத்துவிட்டது. மூச்சை இழுத்து விட்டதில் பக்கத்தில் நின்ற வியாபாரி, "என்ன நூகாலம்மா, பிரசவ வலியா?" என்றான். ஒன்பது மணிக்கு நெத்திலிக் கூடையைக் கேட்டவனுக்குக் கொடுக்காமல் கேட்காதவன் தலையில் கட்டினாள். பதினோரு மணிக்குக் கவரம்மா வாசலில் இருந்தாள்.

அடுத்த செவ்வாயும் இதே கதை. அதற்கடுத்ததும். மூன்றாம் தடவை தோற்றபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒற்றைச் சுருட்டு. லேசு என்று சொல்லிவிட்டார்கள். அந்த லேசைக்கூட விட முடியாத கையாலாகாதவளா நான் என்று உள்ளுக்குள் தன்னையே கரித்துக்கொட்டினாள். புருஷன் தானய்யா செத்தபோதுகூடத் தன்னை இவ்வளவு கேவலமாக அவள் நினைத்ததில்லை.

மறுநாள் மதியம் ஏலக் கல்லைக் கழுவினாள். அது அவள் வேலை. செதிலும் ரத்தமும் கழுவிவிட்டுக் கல்லின் பின்புறம் துடைப்பத்தைப் போட்டபோது தீக்குச்சிகள் வந்தன. கருகின குச்சிகள். எல்லாம் அவளுடையவை. அங்கே வேறு யாரும் நிற்கமாட்டார்கள். சும்மா எண்ணினாள். இருபத்திரண்டு. நேற்றுத்தான் கழுவின கல்.

இருபத்திரண்டு குச்சி, ஒரு சுருட்டு.

அவள் கையில் துடைப்பத்தோடு நின்றாள். சுருட்டைப் பற்ற வைப்பாள், நாலு இழுப்பு இழுப்பாள், ஏலம் கூறவேண்டி வந்தால் எடுத்து அணைத்துக் காதில் செருகுவாள். மறுபடி பற்ற வைப்பாள். சிகரெட்டுக்காரன் முடிந்ததும் தூக்கி எறிவான், அவனுக்கு எண்ணிக்கை தெரியும். இங்கே சுருட்டு ஒன்றுதான், நெருப்பு இருபத்திரண்டு. அந்தத் தேன் குரல் கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை அவள். கேள்விதான் பிசகு.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஏ பொண்ணு, நீதானே அன்னிக்கு லேசு லேசுன்னே? எங்க கரைப் பொம்பளைங்ககிட்ட சுருட்டு எத்தனைன்னு கேக்காத. தீக்குச்சி எத்தனைன்னு கேளு. இருபத்திரண்டு! எழுதிக்க!"

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ அம்மா, தப்பு என்னோடதுதான். இனிமே இப்படியே கேக்குறேன்" என்றது குரல். "இருபத்திரண்டுன்னா வெறும் மனசால முடியாதும்மா. முடியலைன்னா அது உங்க குத்தம் இல்ல. டாக்டர்கிட்டப் போங்க. மருந்து இருக்கு. இன்னொண்ணு, கூட ஒரு ஆளை வச்சுக்கோங்க. தனியா இழுக்காதீங்க."

உன் குத்தம் இல்லை என்று ஒருத்தி சொன்னதற்கு நூகாலம்மா நன்றி சொல்லவில்லை. "அதை முதல்லயே சொல்லியிருக்கணும்" என்று வைத்துவிட்டாள். ஆனால் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

டாக்டர் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தாள். சதுரமாக, தோல் நிறத்தில். தினம் காலையில் புதிதாக ஒன்று ஒட்டவேண்டும். அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியாக இறங்கி, சுருட்டு கேட்கிற உடம்பைச் சமாதானப்படுத்தும். தாங்க முடியாத நேரத்துக்கு மெல்லுகிற மாத்திரை. அதை வெற்றிலை மாதிரி அரைத்து விழுங்கக்கூடாது, லேசாகக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும்.

முதல் பிளாஸ்திரியைக் கையில் ஒட்டினாள். உப்புத் தண்ணீரும் வேர்வையும் பட்டு ஒரு மணி நேரத்தில் காணவில்லை. எட்டு கிலோ வஞ்சிரம் ஒன்றைத் தூக்கிக்காட்டி விலை கூறிக்கொண்டிருந்தபோது ஐஸ் கம்பெனிக்காரன் கேட்டான்: "இது என்ன நூகாலம்மா, மீன் வயித்துல முத்திரை குத்தியிருக்கு? வெளிநாட்டுக்குப் போற சரக்கா?"

"ஆமாடா. உனக்கு வேணும்னா கூட முப்பது ரூபா வை" என்றாள். அவன் வைத்தான். அது வேறு விஷயம்.

ஆனால் பிளாஸ்திரி நிற்க வேண்டுமே. தண்ணீர் படாத இடம் உடம்பில் ஒன்றுதான், ரவிக்கைக்குள் தோள்பட்டைக்குக் கீழே, முதுகு. அங்கே அவள் கை எட்டாது. மகன் வேராவலில், மருமகள் அவனோடு. முதுகில் பிளாஸ்திரி ஒட்ட ஒரு ஆள் இல்லாத வீடு அது.

கவரம்மா ஒட்டினாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் ஒட்டிக்கொண்டே, "இது மருந்துதானே உள்ள போகுது? அப்போ ஒரு இழுப்பு இழுத்தா என்ன, மருந்து அதைச் சரிக்கட்டிடும்" என்று சுருட்டை நீட்டினாள். நூகாலம்மா அதைக் கை நீட்டி வாங்கவும் செய்தாள். வாங்கின பிறகுதான் தன் கையைத் தானே பார்த்தாள்.

"கவரம்மா, நீ நல்லவ. உன்னால ஒண்ணும் ஆகாது" என்று சுருட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் செய்த காரியத்தைக் கரையே பார்த்தது. ஐஸ் பெட்டிகளுக்கு அந்தப்புறம், கருவாடு பரப்பிக்கொண்டிருந்த அசிரம்மா முன்னால் போய் நின்றாள்.

அசிரம்மா அவளுக்கு ஓரகத்தி. தானய்யாவின் அண்ணன் பெண்டாட்டி. இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தானய்யா செத்த நாலாம் நாள், நூகாலம்மா உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தபோது, ஏலக் கல்மேல் ஏறி நின்று தானய்யாவின் படகு மீனையே விலை கூறியவள் அசிரம்மா. துக்கத்துக்கு வந்த யாரோ அதை அவளிடம் சொன்னார்கள். ஒன்பதாம் நாள், தாலி அறுக்கும் சடங்குகூட முடியாமல், பெரியவர்கள் ஐயோ ஐயோ என்று கத்தக் கத்த, நூகாலம்மா எழுந்து வந்து கல்மேல் நின்ற அசிரம்மாவைத் தோளைப் பிடித்து இறக்கிவிட்டு, அழுத தொண்டையோடு ஏலம் கூறினாள். அன்றிலிருந்து அந்தக் கல் அவளுடையது. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

"நான் சுருட்டை விடுறேன்" என்றாள் நூகாலம்மா, மொட்டையாக.

அசிரம்மா கருவாட்டைப் பார்த்தே பேசினாள். "யாரு இது, காத்தா பேசுது?"

"காத்துக்கு முதுகு கிடையாது. எனக்கு இருக்கு. தினம் காலையில நாலு மணிக்கு என் முதுகுல ஒரு பிளாஸ்திரி ஒட்டணும். சாயங்காலம் என் வாயை முகர்ந்து பார்க்கணும். மூணு மாசம்."

"எனக்கு வேற வேலை இல்ல?"

"ஒரே ஒரு தடவை புகை நாத்தம் அடிச்சாலும் ஏலக் கல்லு உன்னோடது. இத்தனை பேரு சாட்சி. நான் இறங்கிப் போயிடுறேன்."

கருவாட்டில் இருந்த கை நின்றது. அசிரம்மா நிமிர்ந்தாள். அவள் வாயிலும் சுருட்டு இருந்தது, நெருப்பு உள்ளே. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஏன் என்கிட்ட வந்தே? உன் கூட்டாளி எங்க?"

"அவ என்மேல பாசம் வச்சிருக்கா. பாசக்காரி எனக்குச் சுருட்டு கொடுப்பா. நீ கொடுக்கமாட்டே."

"கொடுத்தா எனக்குத்தானே கல்லு கிடைக்கும்?"

"கொடு பாக்கலாம். நீ கொடுத்து நான் வாங்குவேனா? செத்தாலும் வாங்கமாட்டேன். அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்."

கரை முழுதும் சிரித்தது. அசிரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லை ஒரு தடவை பார்த்தாள். "நாளைக்கு நாலு மணி. தூங்கிட்டா கதவை உடைப்பேன்" என்றாள்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தாள். முதுகைக் காட்டச் சொன்னாள், பிளாஸ்திரியைப் பிரித்தாள், முதுகில் வைத்து, ஒன்பது வருஷத்தையும் சேர்த்து ஒரு அறை அறைந்தாள். நூகாலம்மாவுக்குப் பொறி கலங்கியது.

"ஒட்டச் சொன்னேனா, புதைக்கச் சொன்னேனா?"

"டாக்டர் அழுத்தி ஒட்டச் சொல்லல? விழுந்துட்டா என்மேல பழி வரும்."

சாயங்காலம் வேடிக்கை இன்னும் பெரிது. அசிரம்மா தன் புருஷனின் படகு டார்ச்சைக் கொண்டு வருவாள். கரையில் எல்லோரும் பார்க்க நூகாலம்மா வாயைத் திறக்க வேண்டும். அசிரம்மா முதலில் முகர்வாள், பிறகு டார்ச்சை அடித்து அண்ணத்தைப் பார்ப்பாள். வாடகை வீட்டைச் சோதிக்கிற வீட்டுக்காரியைப்போல் மூலைமூலையாகப் பார்ப்பாள்.

"கிராம்பு நாத்தம். புகை இல்ல. போ."

"நல்லாப் பாரு. சாம்பல் எங்கயாவது இருந்தா பொறுக்கிக்க."

இந்த நாடகத்தைப் பார்க்கவே கூட்டம் கூடியது. ஆண்கள் பந்தயம் கட்டினார்கள். "வாயில நெருப்பு இல்லாத வாசுபல்லி வீட்டுப் பொம்பளையா? பதினஞ்சு நாள் தாங்கமாட்டா" என்று ஒருவன் அவள் குடும்பப் பெயரையும் இழுத்துச் சொன்னான். நூகாலம்மா அவன் கொண்டுவந்த சாளையைக் கடைசியில்தான் ஏலத்துக்கு எடுத்தாள். ஐஸ் உருகி ஓடின பிறகு.

வேலை இருந்தவரை சமாளித்தாள். பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் படகு கடலுக்குப் போகாது. மீன் இல்லை, ஏலம் இல்லை, கூவ வேண்டியதும் இல்லை. பெண்கள் எல்லாம் வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து நாள் முழுக்க அட்டபொகை பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ஒருத்தி சுருட்டிலிருந்து இன்னொருத்தி பற்ற வைப்பாள். அந்த வட்டத்தில் சுருட்டு இல்லாமல் உட்கார்வது, சாவு வீட்டில் சிரிப்பதற்குச் சமம். உட்காராமல் இருந்தாலோ வீட்டில் சுவர்தான் பேச்சுத் துணை. டாக்டர் பிளாஸ்திரியின் அளவையும் சின்னதாக்கியிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் மதியம் நூகாலம்மா கொட்டகைக்குப் போனாள். அரை மணி நேரம் உட்கார்ந்தாள். மாத்திரையைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கினாள். பலிக்கவில்லை. யாரோ அவளை உள்ளிருந்து சுரண்டுவதுபோல் இருந்தது. கவரம்மா ஒரு சுருட்டைப் பக்கத்தில் வைத்தாள். நூகாலம்மா எடுத்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியைக் கிழித்தாள்.

நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் அசிரம்மா நிற்கிறாள்.

அவள் பாய்ந்து வந்து தட்டிவிடவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்று சொன்னாள்: "வை. எதுக்கு யோசிக்கிற? தடை முடிஞ்சு முதல் படகு உன் புருஷன் படகுதானே வரும்? கல்லு மேல நான் நிப்பேன். அன்னிக்கு நாலாம் நாள் கூவினேனே, அதே மாதிரி கூவுறேன். நீ கூடையைத் தலையில வச்சுக்கிட்டுக் கீழ நின்னு கேளு."

குச்சி எரிந்து நூகாலம்மாவின் விரலைச் சுட்டது.

"நாசமாப் போறவளே!" என்று எழுந்தாள். சுருட்டை இரண்டாக ஒடித்து அசிரம்மாவின் காலடியில் எறிந்தாள். "என் பொணம் கிடந்தாலும் அந்தக் கல்லு மேல கிடக்கும்டி. நீ ஏறணும்னா என்னை மிதிச்சுட்டு ஏறு!"

"சாயங்காலம் வாயைக் காட்ட வா. மறந்துடாத" என்று அசிரம்மா போய்விட்டாள்.

அன்று அசிரம்மா கல்லுக்காகத்தான் அப்படிப் பேசினாளா, வேறு எதற்காவதா என்று ஊரில் இன்றும் இரண்டு கட்சி. கல் வேண்டுமென்றால் அவள் ஒரு நிமிஷம் தாமதித்து வந்திருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. நூகாலம்மா இன்னொரு கட்சி. "அவ வயித்தெரிச்சல்ல பேசினா. அவ்வளவுதான். அவளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்காதீங்க" என்பாள்.

தடை முடிந்த முதல் நாள் கரையில் நிற்க இடமில்லை. நூகாலம்மா கல்மேல் ஏறினாள். நெருப்பு இல்லாத வாயோடு அவள் கூவும் முதல் பெரிய ஏலம். அசிரம்மா நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் குரல் எழும்பியது. அது அலைக்கு மேலே போயிற்று. முன்பு நடுவில் இருந்த கரகரப்பு இல்லை. ஐஸ் கம்பெனிக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். அன்று வஞ்சிரம் போன விலையை வியாபாரிகள் இன்னும் சாபம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறினால், பின் இருக்கையில் அசிரம்மா.

"நீ எதுக்கு?"

"நீ போயிட்டு வந்து டாக்டர் இப்படிச் சொன்னா அப்படிச் சொன்னான்னு அளந்துவிடுவே. என் காதால கேக்கணும்."

டாக்டர் வெகு நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். வெள்ளை மெலிந்திருந்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறதுபோல் நிறைய இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருந்தது. புள்ளிகளில் பலதைக் காணோம்.

"நல்லா இறங்கியிருக்கு. முழுசாப் போகல. இந்த ஓரத்துல இன்னும் இருக்கு, பாத்தீங்களா? மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணும். அதுவரைக்கும் நெருப்பு கூடாது. எப்பவுமே கூடாது. ஆனா இப்போதைக்கு வெட்ட வேண்டியது இல்ல."

"நீ வெட்டுன்னு சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன்" என்றாள் நூகாலம்மா. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அசிரம்மாதான் நகரவில்லை. "டாக்டரம்மா, சும்மா கேக்குறேன். இந்த வெள்ளை வர்றதுக்கு முன்னாடி வாய் எப்படி இருக்கும்? காரம் பட்டா எரியுமா? ஓரத்துல தடிப்பா இருந்தா? வலி இல்லைன்னா ஒண்ணும் இல்லதானே?"

"யாருக்கும்மா?"

"யாருக்கும் இல்ல. கேட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் அசிரம்மா நாக்கால் மேலண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தது கன்னத்தில் தெரிந்தது. மூன்று மாதமாகத் தினம் ஒரு வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள். வெள்ளை எப்படி இருக்கும், தோல் எப்படி இருக்கும் என்று அந்தக் கரையில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

கரையில் இறங்கியதும் நூகாலம்மா வழியை மறித்தாள். ஒன்பது வருஷமாக வாயில் வராத வார்த்தையும் கூடவே வந்துவிட்டது.

"அக்கா. வாயைத் திற."

"உனக்குப் பைத்தியமா?"

"மூணு மாசம் ஊரே பாக்க நான் திறந்தேன். இப்போ நீ திற. உன் டார்ச் எங்க?"

அசிரம்மா மடியிலிருந்து டார்ச்சை எடுத்தாள். தானே அமுக்கிக் காட்டினாள். "எரியல. நேத்தே மங்கிக்கிட்டு இருந்துச்சு, இன்னிக்குப் பாட்டரி தீர்ந்துபோச்சு. உப்புத் தண்ணி பட்டுத் துருப்பிடிச்சுக் கிடக்கு. எரியாத டார்ச்சுல என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சிரிக்கவும் இல்லாமல் முறைக்கவும் இல்லாமல், வேகவேகமாக நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நூகாலம்மா சாத்தின கதவைப் பார்த்து நின்றாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு வருவேன். தூங்கிட்டா கதவை உடைப்பேன்!" என்று கத்தினாள். அந்தக் குரல் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கத்திவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். அன்று வெள்ளிக்கிழமைச் சந்தை. சாமான் பரப்பியிருந்தவன் ஒரு சின்ன டார்ச்சை எடுத்துக் காட்டி நூற்றைம்பது என்றான்.

"எதுக்கு? கலங்கரை விளக்கா விக்கிற?"

"தண்ணியில விழுந்தாலும் எரியும் சின்னம்மா. என்ன பாக்கணும் உங்களுக்கு?"

"ஒரு பிடிவாதக்காரி வாயை."

அவன் விழித்தான். அவள் டார்ச்சை வாங்கி அவன் முகத்திலேயே அடித்துப் பார்த்தாள், பல் எல்லாம் தெரிந்தது. பாட்டரியும் சேர்த்துத்தான் என்று அடித்துச் சொல்லி, எண்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கினாள்.